சொன்ன வண்ணம் செய்யாத மீன்கள்

2005 பிப்ரவரி. ஒரு வியாழக்கிழமை ராத்திரி அக்காவிடமிருந்து போன். வழக்கமாக ‘சாப்பிட்டியா’வில் ஆரம்பிக்கிறவள், அன்றைக்கு எடுத்த எடுப்பிலேயே அழுதாள்.

“பொண்ணு கெட்டுப் போயிட்டாடா!”

அக்கா வீடு ஓரிக்கையில். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலையில், பாலாற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற ஊர். அக்கா வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. நான் அவரை மாமா என்பேன். அவர் மகள் என்னை மாமா என்பாள். நீங்கள் குழம்ப வேண்டாம். இங்கே மாமா என்றால் தறியில் உட்கார்ந்திருப்பவர். தப்பு செய்த மாமா நான்.

நடந்தது இதுதான். அக்கா மகள் அப்போது ப்ளஸ் டூ, கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். அவளுக்காக மாமா கைமாத்து வாங்கி, செகண்ட் ஹேண்டில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தார். டெலிபோன் ஒயரைச் சொருகி, ‘கர்ர்... கீய்ங்’ என்று அது கத்தி முடித்த பிறகு இன்டர்நெட் வருகிற காலம். அன்று சாயங்காலம் அவள் மாதிரி வினாத்தாள் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். தறிக் குழியிலிருந்து எழுந்து தண்ணீர் குடிக்க வந்த மாமா, திரையைப் பார்த்தார். அரைகுறை ஆடையில் ஒரு பெண். மகள் பதறிப்போய் அதை மூடினாள். மூடின இடத்தில் இன்னும் இரண்டு திறந்தன.

மாமா எதுவும் கேட்கவில்லை. கன்னத்தில் ஓர் அறை. டெலிபோன் ஒயரைப் பிடுங்கிச் சுருட்டிப் பரண்மேல் போட்டார். கம்ப்யூட்டர்மேல் அக்காவின் பழைய புடவையைப் போர்த்தினார். பத்து நாளில் பிராக்டிகல் பரீட்சை.

“படிக்கிறேன், படிக்கிறேன்னு என்னத்தையெல்லாம் பாத்துச்சோ... நீ வந்து என்னன்னு பாரு. பி.காம். படிச்சவனாச்சே!” என்றாள் அக்கா.

பி.காமுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று என் குடும்பத்தில் யாரும் இதுவரை கேட்டதில்லை.

போனை வைத்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரு மாதத்துக்கு முன்னால், பொங்கலுக்கு, நான் அங்கே போயிருந்தேன். போன இடத்தில் கரும்பைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “என்னது, மொட்டையா இருக்கு ஸ்க்ரீன்? உனக்கு ஒரு மீன் தொட்டி போட்டுத் தர்றேன் பாரு” என்று அவளிடம் பெருமையடித்தேன். இலவச ஸ்க்ரீன் சேவர். டவுன்லோட் ஆக எட்டு நிமிஷம். மாமாவுக்கு டெலிபோன் பில் கவலை. எங்கள் இரண்டு பேருக்கும் அந்தப் பச்சைக் கோடு நகர வேண்டுமே என்ற கவலை. கடைசியில் ஒரு பெட்டி வந்தது. பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக ஏதோ காட்டி, ‘ஒப்புக்கொள்கிறீர்களா?’ என்றது. ஒப்புக்கொண்டேன். அடுத்து, அடுத்து, அடுத்து... நாலு க்ளிக். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீன்கள் வந்தன. ஆரஞ்சும் மஞ்சளுமாக, குமிழ் விட்டுக்கொண்டு. அக்கா அக்கம்பக்கத்தாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள். மாமாகூடத் தறியை நிறுத்திவிட்டு வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தபடி பத்து நிமிஷம் நின்றார். “நெஜ மீனு மாதிரியே வாலை ஆட்டுதுடா!”

இந்த ஸ்க்ரீன் சேவர் எதற்காக வந்தது தெரியுமா? பழைய குண்டு மானிட்டர்களில் கண்ணாடியின் உள்பக்கம் பாஸ்பர் பூச்சு இருக்கும். எலெக்ட்ரான் பட்டால் ஒளிரும். ஒரே எழுத்து ஒரே இடத்தில் நாள்கணக்காக நின்றால், அங்கே மட்டும் பூச்சு தேய்ந்து, அணைத்த பிறகும் அதன் தடம் நிழலாகத் தெரியும். 1983 டிசம்பரில் ‘சாஃப்ட்டாக்’ என்ற பத்திரிகையில் ஜான் சோச்சா என்பவர் ஒரு குட்டி புரோகிராமை வெளியிட்டார். மூன்று நிமிஷம் யாரும் கீபோர்டைத் தொடாவிட்டால் திரை இருண்டுவிடும். அவ்வளவுதான் அதன் வேலை. மீனும் கிடையாது, பூவும் கிடையாது. 1989-ல் ‘ஆஃப்டர் டார்க்’ வந்து, ரொட்டி சுடுகிற டோஸ்டருக்கு இறக்கை முளைத்துத் திரையில் பறந்த பிறகுதான் இது வேடிக்கைப் பொருளானது. எல்.சி.டி. திரைகள் வந்ததும், காப்பாற்ற வேண்டிய அவசியமே அநேகமாகப் போய்விட்டது. காப்பாற்ற வந்தவர் மட்டும் தங்கிவிட்டார்.

அதில் ஒரு சூட்சுமமும் உண்டு. விண்டோஸில் ஸ்க்ரீன் சேவர் என்பது வெறும் படம் இல்லை, முழு புரோகிராம். அதன் பெயருக்குப் பின்னால் எஸ்.சி.ஆர். என்று மூன்றெழுத்து வால் தொங்கும். வாலைத் தவிர மற்ற புரோகிராம்களுக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. மற்றவை செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்யலாம். சுவரில் படம் மாட்டுவதாக நினைத்துக்கொண்டு, அக்கா வீட்டில் நான் ஒரு ஆளைக் குடிவைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்தேன். அவள் என்னோடு பேசவில்லை. அறை வாசற்படியில் வந்து நின்றாள், அவ்வளவுதான். நான் புடவையை விலக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

முதலில் டெஸ்க்டாப்பில் ரைட் க்ளிக். பிராப்பர்ட்டீஸுக்குள் போய், ஸ்க்ரீன் சேவர் என்ற இடத்தில் ‘நன்’ என்று வைத்தேன். மீன் போயிற்று. மெஷினை அணைத்துப் போட்டேன். மீன் வந்துவிட்டது!

கன்ட்ரோல் பேனலில் ‘ஆட் ஆர் ரிமூவ் புரோகிராம்ஸ்’ திறந்தேன். அங்கே மீனுக்குப் பக்கத்தில், நான் கேள்விப்பட்டேயிராத மூன்று பேர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் ஊர் ஊராக வெயில் எவ்வளவு என்று சொல்கிறவராம். இன்னொருவர் எதைக் கேட்டாலும் தேடித் தருகிறவராம். மூன்றாமவர் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்பது பெயரிலிருந்து புரியவில்லை. மீனை நீக்கு என்றேன். ‘நிச்சயமாகவா?’ என்றது. ஆமாம் என்றேன். ‘என்ன குறை என்று சொல்ல முடியுமா?’ என்றது. அப்புறம், நீக்குவதற்கு இன்டர்நெட் இணைப்பு வேண்டும் என்றது. போகச் சொன்னால் பஸ்ஸுக்குக் காசு கேட்கிற விருந்தாளி!

பரண்மேலிருந்து ஒயரை இறக்கினோம். மீன் ஒருவழியாகக் கிளம்பியது. கூட வந்த மூன்று பேரும் அசையவில்லை. எஃப்-8 தட்டி சேஃப் மோடில் எழுப்பி, சிஸ்டம்-32 ஃபோல்டருக்குள் எஸ்.சி.ஆர். வால் உள்ளதைத் தேடி அழித்து, எம்.எஸ்.கான்ஃபிக் என்று ஒன்றைத் திறந்து, மெஷின் கண் விழிக்கும்போது கூடவே விழிக்கிறவர்கள் பட்டியலில் ஒவ்வொரு டிக்காக எடுத்து... உள்ளே விட நாலு க்ளிக். வெளியே அனுப்ப நாலரை மணி நேரம்.

மாமா வந்து, “என்னடா ஆச்சு?” என்றார்.

“வைரஸ் மாமா” என்றேன்.

எவ்வளவு சௌகரியமான வார்த்தை பாருங்கள்! ஜுரம் மாதிரி. காற்றில் வரும், யார் வீட்டுக்கும் வரும், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. “இவ ஒண்ணும் பண்ணலை மாமா, இது தானா வர்றது” என்று பெரிய மனுஷத்தனமாகச் சேர்த்துக்கொள்ளவும் செய்தேன். வாசற்படியில் நின்றவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

மாமா சிரித்தார். “சொன்ன வண்ணம் செஞ்ச பெருமாள் ராத்தங்கின ஊருடா இது. இங்க கொண்டாந்து வெச்சிருக்கீங்களே, சொன்னதைக் கேக்காத மெஷினை!”

அந்தக் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன். ஆழ்வார் அருளால் ஒரு கிழவி குமரியானதைக் கேள்விப்பட்ட பல்லவ ராஜா, தனக்கும் இளமை வேண்டும் என்று கணிகண்ணனைப் பிடித்துக்கொண்டான். குருவையும் அழைத்து வர முடியாது, ராஜாவைப் புகழ்ந்து பாடவும் முடியாது என்று அவர் சொல்ல, நாடு கடத்த உத்தரவு. சீடன் போனால் நானும் போகிறேன் என்று ஆழ்வார் கிளம்பினார். போகிற போக்கில் திருவெஃகா பெருமாளிடம், நீயும் உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்றார். பெருமாள் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே போனார். அன்றைக்கு ஓர் இரவு மூவரும் தங்கியிருந்த இடம்தான் ‘ஓரிரவிருக்கை’, அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். காஞ்சி இருண்டது. ராஜா ஓடி வந்து காலில் விழுந்தான். மூவரும் திரும்பினார்கள். போய் வந்ததற்கு அடையாளமாகப் பெருமாள் இடம் வலம் மாறிப் படுத்திருக்கிறார். இன்றைக்கும் காஞ்சிபுரத்தில் யதோக்தகாரி கோயிலில் அப்படித்தான் சேவை சாதிக்கிறார். பெயரே ‘சொன்னபடி செய்தவர்’ என்றுதான் அர்த்தம்.

அன்றைக்குத் திரும்பிப் போகும்போது பஸ்ஸில் இந்தக் கதைதான் மனசில் ஓடியது. அங்கே ஒருவரைப் போ என்றார்கள். அவரை நேசித்தவர்கள் எல்லோரும் கூடவே கிளம்பிவிட்டார்கள். இங்கே நான் ஒருவரை வா என்றேன். சொல்லாமல் கொள்ளாமல் மூன்று பேர் கூடவே வந்தார்கள். போ என்றபோது அழகாக இருந்தவர் போனார், மற்ற மூன்று பேர் இருந்துகொண்டார்கள்.

ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் எனக்குள் ஒரு வக்கீல் எழுந்து வாதாட ஆரம்பித்தார். பி.காமில் கமர்ஷியல் லா ஒரு பேப்பர். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 13-ஆவது பிரிவு. இரண்டு பேர் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் அதற்குப் பெயர் சம்மதம். மோசடியாலோ தப்பான தகவலாலோ வாங்கிய சம்மதம் சுதந்திரமான சம்மதம் இல்லை என்கிறது அடுத்த பிரிவு. நான் ஒப்புக்கொண்டது மீனுக்கு. அவர்கள் எடுத்துக்கொண்டது என் அக்கா வீட்டுத் திரையை. ஒரே விஷயமுமில்லை, ஒரே அர்த்தமுமில்லை. ஆகவே கனம் கோர்ட்டார் அவர்களே, என் கட்சிக்காரர் நிரபராதி!

வாதம் ஒன்றும் மட்டமில்லை. அந்தப் பொடி எழுத்தை யார் படிக்கிறார்கள்? 2005 வாக்கில் பி.சி. பிட்ஸ்டாப் என்ற அமெரிக்க நிறுவனம் தன்னுடைய சாஃப்ட்வேர் ஒப்பந்தத்தின் நடுவில், இதைப் படித்துவிட்டு எங்களுக்கு எழுதுகிறவர்களுக்குப் பரிசு உண்டு என்று ஒரு வரியை ஒளித்து வைத்தது. நாலு மாசம் ஆகி, 3,000 பேருக்கு மேல் டவுன்லோட் செய்த பிறகுதான் ஒரே ஒரு ஆள் எழுதினார். அவருக்கு 1,000 டாலர் கிடைத்தது. மற்றவர்கள் என் ஜாதி.

கோர்ட்டும் கிட்டத்தட்ட என் வக்கீல் பக்கம்தான். இலவச ஸ்க்ரீன் சேவர் மாதிரியான சரக்கோடு விளம்பர புரோகிராமைச் சொல்லாமல் சேர்த்து அனுப்பினார்கள், எடுக்க முடியாதபடி வேண்டுமென்றே செய்தார்கள் என்று அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன், ஸாங்கோ என்ற கம்பெனிமேல் நடவடிக்கை எடுத்தது. 2006 நவம்பரில் 30 லட்சம் டாலர் கட்டச் சம்மதித்து அந்தக் கம்பெனி சமாதானமாகப் போயிற்று. (எங்கள் வீட்டு மீன் வேறு குளத்து மீன். அதை விடுங்கள்.) நம் ஊரிலும், 2023-ல் பார்லிமென்ட் இயற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் எனக்குப் பிடித்த ஒரு வாசகம் இருக்கிறது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு சுலபமோ, கொடுத்ததைத் திரும்ப வாங்குவதும் அதற்கு ஈடான சுலபத்தோடு இருக்க வேண்டுமாம். நாலு க்ளிக்கில் உள்ளே விட்டால் நாலு க்ளிக்கில் வெளியே. ஓரிக்கை வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி உத்திரமேரூரில் இறங்கிப் பாருங்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, 1,100 வருஷத்துக்கு முன்னாலேயே இதை யோசித்திருக்கிறது. வாரியத்தில் இருப்பவருக்கு 360 நாள்தான் பதவி. அதோடு இறங்கிவிட வேண்டும். கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடவோலையில் சேர்க்கவே கூடாது. உள்ளே விடும்போதே வெளியே போகும் வழியையும் எழுதி வைத்தவர்கள் நம்மவர்கள்.

எல்லாம் சரி. வக்கீல் ஜெயித்துவிட்டார். ஆனால் அவர் வாதாடியது எனக்கும் அந்தக் கம்பெனிக்கும் நடுவில் இருந்த வழக்கை. அந்தப் பெண் கன்னத்தில் விழுந்த அறை அந்த வழக்கில் எங்கேயும் வரவில்லை. கம்பெனி என்னை ஏமாற்றியது நிஜம். ஆனால், அடுத்தவர் வீட்டுக் கதவைத் திறந்து, அந்த வீட்டுக்காரர்கள் சார்பில் ‘சம்மதம்’ என்று நாலு தடவை சொல்ல எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? அந்தத் திரைக்கு முன்னால் தினமும் உட்காரப்போவது அவள். நான் மறுநாள் பஸ் ஏறிவிடுவேன். வைரஸ் என்று சொன்னதில்தான் என் புத்தி முழுசாகத் தெரிகிறது. மீனை நான் போட்டேன் என்று சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது.

அப்படியே விட்டிருப்பேன். ஆடி மாசம் ஒரு வேலையாகக் காஞ்சிபுரம் போனவன் ஓரிக்கைக்கும் போனேன். கம்ப்யூட்டர் புடவைக்கு அடியில் இருந்தது. பிராக்டிகல் முடிந்ததோடு சரி, அப்புறம் யாரும் தொடவில்லை. ஒயர் பழையபடி பரண்மேல்.

“காலேஜ்ல எதுல சேர்ந்திருக்கா?” என்று அக்காவைக் கேட்டேன்.

“பி.காம். அவளுக்குக் கம்ப்யூட்டர்தான் ஆசை. மாமாதான் வேணாம்னுட்டாரு. உன்னை மாதிரி கவுரவமா படிக்கட்டும்னு.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. நேரே தறிக்குப் போனேன். மாமா ஊடை கோத்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாலையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. 1804-ல் பிரான்சில் ஜக்கார்டு என்பவர் கொண்டுவந்த முறை. இந்த அட்டையைப் பார்த்துத்தான் பின்னால் கம்ப்யூட்டருக்கும் அட்டையில் ஓட்டை போட்டுச் சேதி சொல்லக் கற்றுக்கொண்டார்கள். அதையெல்லாம் மாமாவுக்குச் சொல்லலாம் என்று ஒருகாலத்தில் நினைத்திருந்தேன். அன்றைக்கு வேறு ஒன்றைச் சொன்னேன். பொங்கலன்று நான் போட்ட மீன், அதோடு வந்த மூன்று பேர், அவர்கள் கொண்டுவந்த படங்கள், எல்லாவற்றையும்.

தறி நின்றது. மாமா கொஞ்ச நேரம் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தறியில ஒரு அட்டை மாறிப்போனா பூ தப்பா விழும். எந்த அட்டைன்னு தேடி எடுத்துருவேன். நீ வைரஸுன்னுட்டே. சரி, அது எங்கேருந்து வந்துது? இவ எதையோ பாத்திருப்பா, அதனாலதான் வந்திருக்கும்னு அஞ்சு மாசமா மனசுல வெச்சிட்டிருக்கேண்டா.”

அவளைக் கூப்பிட்டார். “உம் மாமன் என்னமோ சொல்றான், கேளு.”

“எனக்குத் தெரியும்பா. பக்கத்துலதானே உக்காந்திருந்தேன்” என்றாள்.

“தெரிஞ்சா அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?”

“சொன்னா, மாமாவை நீங்க வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டீங்கன்னு நினைச்சேன்.”

காலேஜ் ஃபீஸ் கட்டியாகிவிட்டது. மாற்ற முடியவில்லை. அவள் பி.காம்.தான் படித்தாள். இன்றைக்கு ஒரு தொழிற்சாலையில் அக்கவுன்ட்ஸ் பார்க்கிறாள். நன்றாகத்தான் இருக்கிறாள். ‘பாத்தியா, எல்லாம் நல்லதுக்குத்தான்’ என்று அக்கா சொல்லும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றிவிடுவேன்.

மாமா அன்று மகளிடம் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அந்தக் காலத்து அப்பா. எழுந்து போய், ஸ்டூலைப் போட்டு ஏறி, பரணிலிருந்து ஒயரை எடுத்து, தூசி தட்டி அவள் கையில் கொடுத்தார். புடவையை அவரே உருவி மடித்து வைத்தார். மெஷின் உயிர் பெற்றதும் நாங்கள் மூன்று பேரும் வெறும் திரையைப் பார்த்தபடி நின்றோம்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா மெதுவாகக் கேட்டார்.

“மீனை மட்டும் திரும்பக் கொண்டாற முடியாதாடா?”